வீட்டிலேயே கார் கழுவப் போகிறீர்களா? தேய்ப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

காலை 6 மணிக்குச் சென்னையின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் வண்டி நிறுத்துமிடத்தில் இந்தக் காட்சி கண்ணில் படும். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, வரிசையாகப் பத்துக் கார்கள். முதல் காரின்போது தெளிவாக இருக்கும் தண்ணீர், நான்காவது காருக்கு வரும்போது தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். வாளியின் அடியில் மணல் படிந்து கிடக்கும். அந்த மணலோடு அதே துணி ஐந்தாவது காரின் பானெட்டில் ஏறும். எங்கள் குடியிருப்பில் அந்த ஐந்தாவது கார் என்னுடையது.

அடர் நீல நிறக் கார். வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு ஒரு நாள் இரவு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தபோது, கூரை விளக்கின் வெளிச்சம் பானெட்டில் விழுந்தது. விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்டவட்டமாக மெல்லிய கோடுகள். யாரும் காரைக் கீறவில்லை, எங்கும் உரசவில்லை. நாள் தவறாமல் துடைத்ததால் விழுந்த கோடுகள் அவை. துடைத்தவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஒன்றரை மணி நேரத்தில் பத்துக் கார்களை முடித்தாக வேண்டிய அவருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு வாளியும் ஒரு துணியும்தான். அதன் பிறகு என் காரை நானே கழுவக் கற்றுக்கொண்டேன். முதன்முதலாகக் கார் வாங்கியிருப்பவர்களுக்காக, கற்றதை இங்கே வரிசைப்படி சொல்கிறேன்.

இன்றைய கார்களில் நிறப்பூச்சின் மேல் ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் வலுவும் அதில்தான் இருக்கின்றன. அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். சராசரித் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. சாலைப் புழுதியில் இருக்கும் மணல் துகள் அந்தப் பூச்சைவிடக் கடினமானது. புழுதி படிந்த காரின் மேல் துணியை வைத்து இழுப்பது, உப்புத்தாளை வைத்து இழுப்பதற்குச் சமம். விழுந்த கோடுகளைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆனால் பாலிஷ் என்பது அந்த மெல்லிய பூச்சையே கொஞ்சம் சீவி எடுக்கும் வேலை. காரின் ஆயுளில் சில முறைக்கு மேல் செய்ய முடியாது. ஆகவே கீழே நான் சொல்லும் எல்லாமே, கை படுவதற்கு முன் மணலைக் காரை விட்டு வெளியேற்றும் வழிகள்தாம்.

வாங்க வேண்டியவை, வேண்டாதவை

முதலில் ஷாம்பு. கார்களுக்கென்றே விற்கும், அமிலத்தன்மையோ காரத்தன்மையோ இல்லாத ஷாம்பு போதும். புட்டியில் ‘பிஹெச் நியூட்ரல்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நுரை எவ்வளவு வருகிறது என்பதைவிட வழுக்கல் எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். அந்த வழுக்கல்தான் மணல் துகளைப் பூச்சில் உராயவிடாமல் நழுவ வைக்கிறது. பாத்திரம் துலக்கும் திரவத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கவென்று செய்யப்பட்டது. காரின் மேல் நீங்கள் காசு கொடுத்துப் பூசிய வாக்ஸையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போய்விடும். துணி துவைக்கும் தூள் இன்னும் மோசம். அதன் காரம் ஒருபுறம், சரியாகக் கரையாத தூள் மறுபுறம். இரண்டையும் சமையலறையிலும் குளியலறையிலுமே வைத்துவிடுங்கள்.

அடுத்து, தேய்க்கும் துணி. கையுறை போல மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் உறை ஒன்று வாங்குங்கள். அதன் புழுபுழுவான இழைகளுக்கு நடுவில் மணல் உள்வாங்கிக்கொள்ளும். மஞ்சள் நிற ஸ்பாஞ்சில் அந்த வசதி கிடையாது. மணல் அதன் தட்டையான முகத்திலேயே உட்கார்ந்து கோடு போடும். மெக்கானிக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் மென்மையாகத்தான் தோன்றும். ஆனால் அதில் தையல் முடிச்சுகளும் தடித்த ஓரங்களும் இருக்கும். டயருக்கும் கதவுக் கீலுக்கும் அது நல்ல துணி, பானெட்டுக்கு ஆகாது.

துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துண்டுகள் வேண்டும். அட்டையில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில் எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது. பொதுத் துடைப்புக்கு 300 முதல் 400 வரையிலான துண்டு போதும். தண்ணீர் ஒற்றுவதற்கு 600க்கு மேல் உள்ள தடித்த துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். துண்டின் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே கத்தரித்து எறிந்துவிடுங்கள். அதுவும் கீறும். துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்க வேண்டாம். பருத்தியின் பஞ்சு இழைகளில் ஒட்டிக்கொள்ளும். துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம். அது இழைகளில் படிந்து, தண்ணீரை உறிஞ்சும் குணத்தையே போக்கிவிடும். தரையில் ஒரு முறை விழுந்த துண்டு, துவைக்கும் வரை காரின் பூச்சைத் தொடக் கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, என் மகளுக்கும்கூட.

வாளிகளுக்குச் செலவு தேவையில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் இரண்டு இருந்தால் அருமை. ஒட்டியிருக்கும் பெயின்டை மட்டும் முழுக்கச் சுரண்டிக் கழுவிவிடுங்கள். வாளியின் அடியில் வைக்கும் பிளாஸ்டிக் சல்லடைத் தட்டு கடைகளில் கிடைக்கிறது. மணல் அதற்குக் கீழே தங்கிவிடும். கையுறை அதைத் தொடாது.

வேண்டாதவை: காய்ந்த காரின் மேல் தட்டும் இறகுத் துடைப்பம், டேஷ்போர்டை எண்ணெய் தேய்த்தது போல மினுக்கும் ஸ்பிரே, பற்பசை போட்டுக் கீறலைப் போக்கலாம் என்று சொல்லும் காணொளிகள்.

தண்ணீர்தான் பாதி வேலை

ஷாம்புவைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நம் ஊரில் பெரும்பாலும் காருக்குக் கிடைப்பது போர் தண்ணீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். காரின் மேல் நின்ற துளி வெயிலில் காயும்போது தண்ணீர் மட்டும் ஆவியாகிவிடும். உப்பு வெள்ளை வளையமாகத் தங்கிவிடும். ஒரு முறை தங்கினால் ஷாம்புவுக்கு அது அசையாது. பல வாரங்கள் வெயிலில் கிடந்தால் பூச்சையே அரித்துவிடும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறிய டிடிஎஸ் மீட்டர் ஒன்றை உங்கள் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். எண் பெரிதாக வந்தால் பயப்பட வேண்டாம். கழுவ அதே தண்ணீர் போதும். அதைக் காரின் மேல் காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஊற்றும் அரை வாளிக்கு மட்டும் நல்ல தண்ணீர் தேடிக்கொள்ளுங்கள். அது உங்கள் வீட்டிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏசியின் குழாயிலிருந்து வடியும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானது. அதில் உப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவு ஓடும் ஏசி சில லிட்டர் தண்ணீரைத் தந்துவிடும். நான் சனிக்கிழமை இரவு அந்தக் குழாயின் கீழ் வாளியை வைத்துவிடுவேன். ஞாயிறு காலையில் ஒரு துணியால் வடிகட்டி, கடைசி அலசலுக்கு எடுத்துக்கொள்வேன். இந்தப் பழக்கம் வந்த பிறகு என் காரில் வெள்ளை வளையம் விழுந்ததில்லை. மழைக்காலத்தில் மாடியில் பிடித்த மழைநீரும் அதே அளவுக்கு நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். வடிகட்டியில் மிஞ்சிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வளையங்கள் இருந்தால், வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, ஒரு துணியை அதில் நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் போட்டுவையுங்கள். பிறகு ஷாம்புத் தண்ணீரால் கழுவி அலசுங்கள். குளிர்ந்த காரில், நிழலில் மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

கழுவும் வரிசை

சூரியன் ஏறுவதற்கு முன்போ, மாலை வெயில் முழுக்கத் தாழ்ந்த பிறகோ தொடங்குங்கள். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் காத்திருங்கள். சூடான தகட்டில் ஷாம்பு உடனே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

முதலில் சக்கரங்கள். கார் முழுவதும் கழுவிய பிறகு சக்கரத்துக்கு வந்தால் அதன் கரி மறுபடி கதவில் தெறிக்கும். சக்கரத்தில் படியும் கருப்புத் தூள் பிரேக்கிலிருந்து தேய்ந்து வரும் துகள். அதில் இரும்புப் பொடியும் உண்டு. அதனால் சக்கரத்துக்கு அந்த இரண்டையும் தவிர்த்துத் தனி வாளி, தனிப் பிரஷ், தனித் துணி. இவை மூன்றும் காரின் உடலுக்கு எப்போதும் வரக் கூடாது.

அடுத்து, கை படாமல் வெறும் தண்ணீரால் அலசுவது. அவசரக்காரர்கள் தவிர்த்துவிடும் கட்டம் இதுதான். மணலில் பெரும்பங்கு வெளியேறுவதும் இதில்தான். கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். குழாய் வசதி இல்லையா? செடிக்கு ஊற்றும் பூவாளியை எடுங்கள். அதன் மெல்லிய தாரைகள் ஒரு குவளைத் தண்ணீரை விடச் சீராகப் புழுதியை இறக்கும், தண்ணீரும் வீணாகாது. சக்கரத்தின் மேல் வளைவுகளுக்குள்ளும் பம்பரின் அடியிலும் நன்றாக ஊற்றுங்கள். பிறகு ஒரு ஸ்பிரே பாட்டிலில் ஷாம்புத் தண்ணீரை நிரப்பி, கார் முழுக்கத் தெளித்து மூன்று, நான்கு நிமிடங்கள் ஊறவிடுங்கள். காய்வதற்கு முன் மறுபடி அலசுங்கள். அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் இருந்தால் முனையைக் காரிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளியே பிடியுங்கள். கதவின் ரப்பர் பட்டையிலும், டயரின் பக்கச் சுவரிலும், பெயின்ட் பெயர்ந்த ஓரங்களிலும் நேராக அடிக்காதீர்கள்.

இப்போதுதான் கை படலாம். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியை, கூரையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், கழுவுங்கள். உடனே வெறும் தண்ணீர் வாளியில் முக்கி நன்றாகப் பிழிந்துவிட்டு, மறுபடி ஷாம்பு வாளிக்குப் போங்கள். அழுத்த வேண்டாம். கையின் எடையே அதிகம். வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் இழுங்கள். தப்பித் தவறி ஒரு கோடு விழுந்தாலும் நேர்கோடு எல்லாத் திசையிலிருந்தும் மின்னாது. கூரை, கண்ணாடிகள், பானெட், கதவுகளின் மேல் பாதி என்று வந்து, கதவின் கீழ்ப்பாதியையும் பம்பர்களையும் கடைசியாகத் தொடுங்கள். அங்கேதான் மணல் மிகுதி. முடித்த பிறகு வெறும் தண்ணீர் வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே கிடக்கும் மணல், ஒற்றை வாளியாக இருந்திருந்தால் மறுபடி காரின் மேல் ஏறியிருக்கும்.

அலசி முடித்து, எடுத்துவைத்த ஏசி நீரைப் பூவாளியில் ஊற்றிக் கூரையிலிருந்து மெதுவாக வழியவிடுங்கள். பிறகு தடித்த துண்டைப் பானெட்டின் மேல் விரித்துப் போட்டு, இரு முனைகளையும் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். தேய்க்க வேண்டியதில்லை, துண்டே குடித்துக்கொள்ளும். பக்கக் கண்ணாடிகளின் இடுக்கிலும் கதவுக் கைப்பிடியின் உள்ளும் ஒளிந்திருக்கும் தண்ணீர் பத்து நிமிடம் கழித்துக் கோடாக வழியும். அதற்கும் ஒரு சிறிய துண்டு கையில் இருக்கட்டும்.

கதவுகளைத் திறந்து, கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள். அங்கே சிறிய துளைகள் இருக்கும். மழைநீர் கதவுக்குள் இறங்கினால் வெளியேறுவதற்கான வழி அவை. சேறு அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். வேப்ப மரத்தடியிலோ புங்க மரத்தடியிலோ நிறுத்துபவர்களுக்கு அதில் ஒரு கைப்பிடிச் சருகும் பூவும் நிச்சயம் இருக்கும். அது மக்கினால் நீர்வழி அடைபடும். ஏசி காற்றிலும் வாடை வரும்.

கழுவியவுடன் காரை அப்படியே நிறுத்திவிடாமல், தெருவை ஒரு சுற்று சுற்றி நான்கைந்து முறை மெதுவாகப் பிரேக் போடுங்கள். ஈரமான பிரேக் தட்டுகள் காய்ந்துவிடும்; இல்லாவிட்டால் மறுநாள் காலையில் அவற்றில் செம்பழுப்பாகத் துரு படிந்து நிற்கும்.

வாரக் கடைசி வரை காத்திருக்கக் கூடாத கறைகள்

காக்கை எச்சம் முதலிடம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பூச்சு இளகி விரியும்போது அமிலம் உள்ளே பதியும்; ஓரிரு நாளில் அந்த வடிவம் நிரந்தரமாகிவிடும். ஆனால் நகத்தால் சுரண்டாதீர்கள், காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். பறவை தின்ற விதையும் மண்ணும் அதற்குள் இருக்கும். ஈரத் துணி ஒன்றை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுங்கள். டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு துண்டுகளும் எப்போதும் இருந்தால் இதை அலுவலக வாசலிலேயே முடித்துவிடலாம். இரவில் நெடுஞ்சாலைப் பயணம் போய் வந்தால் முன் பம்பரில் ஒட்டியிருக்கும் பூச்சிகளுக்கும் இதே முறைதான்.

தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். அது ரப்பரைக் கெடுக்கும். ஒரு துளி தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் தார் இளகிவிடும். துடைத்துவிட்டு, அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். மரப்பிசினுக்கும் இது பெரும்பாலும் உதவும்.

ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பானெட்டில் வைத்து, அழிப்பது பாவம் என்று மாதக் கணக்கில் விட்டுவிடுகிறோம். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாகவே மங்கும். ஆனால் கடைக் குங்குமத்தில் செயற்கைச் சாயம் கலந்திருந்தால் வெள்ளைக் காரில் இளஞ்சிவப்பாகக் கறை பிடித்து நிற்கும். என் வீட்டில் பொட்டை முன் கண்ணாடியின் ஓரத்தில் வைக்கிறோம். கண்ணாடியில் எதுவும் ஊறாது. எலுமிச்சைச் சாறு தெறித்த இடத்தை அன்றே அலசிவிடுங்கள். மாலை கட்டிய கம்பியும் நூலும் காற்றில் உரசும். வண்டியை எடுப்பதற்கு முன் அவிழ்த்துவிடுவது நல்லது.

தண்ணீரே இல்லாதபோது

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது காருக்குத் தண்ணீர் ஊற்றவே மனம் வரவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். அந்த மாதிரி நாட்களுக்கு, அலசத் தேவையில்லாத கழுவு திரவங்கள் இருக்கின்றன. அரை வாளித் தண்ணீரில் சில மூடிகள் அல்லது துளிகள், புட்டியில் சொன்ன அளவில் கலந்துகொள்ள வேண்டும். அந்தக் கலவையை முதலில் காரின் மேல் தெளித்து ஊறவிடுங்கள். நான்கைந்து துண்டுகளை வாளியில் ஊறப்போட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் துண்டின் ஒரு புதுப் பக்கம் என்று திருப்பித் திருப்பித் துடைத்து, உடனே காய்ந்த துண்டால் ஒற்றுங்கள். கார் முழுக்கப் பத்து லிட்டருக்குள் முடிந்துவிடும். லேசான புழுதிக்கே இது பொருந்தும். சேறு படிந்த காரில் செய்தால் கோடு விழுவது உறுதி.

வாக்ஸ், உட்புறம், என்ஜின்

கழுவிக் காய்ந்த காரில் வாக்ஸ் பூசினால் அடுத்த முறை அழுக்கு எளிதாக இறங்கும். பிரேசிலின் கார்னௌபா பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு அழகான மினுமினுப்பைத் தரும். ஆனால் நம் வெயிலில் ஓரிரு மாதம்தான் தாங்கும். செயற்கைப் பூச்சுகள் அதைவிட நீடிக்கும். பூசுவதற்கு முன் ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் கழுவியும் போகாத துகள்கள் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். அவற்றை எடுக்கக் களிமண் போன்ற ‘கிளே பார்’ கிடைக்கிறது. பளபளப்பற்ற மேட் பூச்சுக் காரில் இவை எதையும் செய்யக் கூடாது.

உட்புறத்துக்கு ஈரத்தைக் குறைவாக வையுங்கள். கால்மிதி மேட்களை எடுத்து உதறி, தூசியை உறிஞ்சி எடுத்த பிறகு, நன்றாகப் பிழிந்த துண்டால் டேஷ்போர்டைத் துடைத்தால் போதும். மினுக்கும் ஸ்பிரேயின் பளபளப்பு முன் கண்ணாடியில் பிரதிபலித்துப் பகலில் கண்ணைக் கூசச் செய்யும். மழைக்காலத்தில் மேட்டின் அடியில் இருக்கும் தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள். அது ஈரமாக இருந்தால் எந்த வாசனைத் திரவியமும் வாடையை நிறுத்தாது. காய வைத்தே தீர வேண்டும்.

என்ஜின் பகுதியில் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். ஆறிய என்ஜினில் ஈரத் துணியால் எட்டும் இடங்களைத் துடைத்தால் போதும். மின்சாரக் காரிலும் ஹைபிரிட் காரிலும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே தொடாதீர்கள். அவை உயர் மின்னழுத்தக் கம்பிகள்.

காரை வேறொருவர் துடைக்கிறார் என்றால் அவரிடம் இவற்றைச் சொல்லிவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். வார நாட்களில் முன் கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் மட்டும் துடைத்தால் போதும், உடலில் புழுதி இருந்துவிட்டுப் போகட்டும். வாரத்துக்கு இரண்டு நாள் முழுக் கழுவல், ஒவ்வொரு காருக்கும் புதுத் தண்ணீர். இரண்டு வாளிகளையும் பத்துத் துண்டுகளையும் வீட்டுக்காரர்கள் பங்கு போட்டு வாங்கிக் கொடுத்தோம். சம்பளத்தைக் குறைக்கவில்லை. சக்கரத்துக்குச் சிவப்புத் துண்டு, உடலுக்கு நீலத் துண்டு என்று பிரித்துக்கொண்டது அவருடைய யோசனை.